பாதி வாய்

காஜா பெராங் என்ற ஊர்ப்பெயருக்கு மலாயில் வெறிகொண்ட யானை என்று அர்த்தம். எந்த யானை, எந்தக் காலத்தில் வெறிகொண்டது என்று மலாக்காவில் யாருக்கும் தெரியாது. பூங்காவனம் அங்கே வாக்கப்பட்டு வந்த பிறகு யாரும் கேட்கவும் இல்லை. "பேரு முன்னாடி வந்துச்சு, ஆளு பின்னாடி வந்துச்சு" என்று மாட்டுவண்டிக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் வீட்டைத் தாண்டிப் போன பிறகுதான் சிரிப்பார்கள்.

உண்மையில் அவள் எல்லாவற்றுக்கும் கோபப்படுகிறவள் அல்ல. கூரை ஒழுகினால் சட்டியை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். பெற்ற இரண்டும் நடை பழகுமுன்னே போனபோது ஒரு சாமியையும் ஏசவில்லை. அவளுக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்கு. எதிரில் நின்று பேசுகிறவரின் ஈறு சிவந்து தடித்திருந்தால், பேசுவது எதுவும் அவள் காதில் ஏறாது. "வாயைத் திற" என்பாள். கல்யாணம் சொல்ல வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். கோவிலில் விபூதி கொடுத்த பண்டாரத்திடமும் சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கோபம் பழையது. ஆலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளுடைய அம்மா அஞ்சலைக்குப் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள். ரத்தம் வருகிற இடத்தைத் தொடாதே, ஒரு துண்டு புகையிலையை அடக்கிவை, தானே ஆறிவிடும். அஞ்சலை தொடவில்லை. தொடாத இடத்தில் மஞ்சள் காரை ஏறியது, ஈறு வீங்கியது, சீழ் கட்டியது, பல் ஆடியது. கடைசிப் பிள்ளை பால் மறக்கும் முன்பே அவள் வாயில் ஒரு பல் இல்லை. பால்மரம் வெட்டப் போகும் வயசிலேயே கிழவி என்று பெயர் எடுத்தாள். சாகும்வரை முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள்.

விழுந்த பல் ஒவ்வொன்றையும் எடுத்துக் கூரைமேல் எறிந்தவள் பூங்காவனம்தான். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. எல்லாம் வெள்ளையாக, வேரோடு முழுசாக இருந்தன. மரத்தில் குறை இல்லை, மண் போய்விட்டது என்று அந்த வயதிலேயே அவளுக்குப் புரிந்தது. தொடாதே என்று சொன்ன பெண்களை அவள் மன்னிக்கவே இல்லை.

காஜா பெராங்கில் அவள் புருஷன் தம்பிராஜா மாட்டுவண்டி ஓட்டினான். ஆற்றோர நெல் ஆலையிலிருந்து உமி ஏற்றுவான். அந்த உமியில் அவள் பல்பொடி செய்தாள். புகை அடங்கி எரியும்படி உமியைக் கரியாக்கி, அரைத்து, வேட்டித் துணியில் சலித்து, மறுபடியும் அரைத்து, மறுபடியும் சலிப்பாள். கன்னத்தில் தடவினால் நெறுநெறு என்று தட்டக்கூடாது. அப்புறம் வறுத்த உப்பு, கொஞ்சம் கிராம்பு. செங்கல் தூள் போட்டுத் தேய்க்கிறவர்களைக் கண்டால், "பல்லா, பாத்திரமா?" என்று அடிக்கப் போவாள். அவளிடம் பொட்டலம் வாங்கினால் கூடவே அவள் ஏச்சையும் வாங்க வேண்டும்.

"பல்லைத் தேய்க்காதே. பல்லும் ஈறும் சேர்ற இடம் இருக்கு பாரு, அங்க விரலால மெல்லத் தடவு. உள்பக்கமும்தான். முதல்ல ரத்தம் வரும். வந்தா நிறுத்தாதே. திருடன் உள்ள இருக்கான்னு வீட்டை அவன்கிட்ட விட்டுட்டு வாசல்ல போய்ப் படுப்பியா?"

அடுத்த வேலியில் மீனாச்சி இருந்தாள். மலாக்காச் செட்டிக் குடும்பம். வீட்டில் சாமிக்கு விளக்கேற்றுவார்கள், நெற்றியில் விபூதி இருக்கும், பேச்சு மட்டும் மலாய். கெபாயாச் சட்டையும் கைலியும் கட்டிக்கொண்டு, வெற்றிலையும் பாக்கும் ஓயாமல் மென்றுகொண்டிருப்பாள். அவள் ஈறு தொட்டால் ரத்தம் வடியும் நிலையில் இருந்தது. பூங்காவனம் தன் சந்தை மலாயில் ஏசி ஏசி, தினமும் வேலியோரம் நிற்கவைத்து வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அந்த ஈறை இறுக்கிவிட்டாள். மீனாச்சி அவளை "காஜா" என்றுதான் கூப்பிடுவாள். அந்தத் தெருவில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான்.

ஜப்பான்காரன் வந்தான்.

அரிசி போனது. ஆலை நின்றது, உமியும் போனது. காலையில் மரவள்ளிக் கிழங்கு, மாலையிலும் அதுவே. கீரை கிடைத்தால் பண்டிகை. காவல் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து கும்பிடாமல் போனவன் கன்னம் வீங்கி வீட்டுக்கு வந்தான். ஊரில் பாதிப் பேருக்கு ஈறு கசிந்தது. பூங்காவனம் தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கிப் பொடி செய்தாள். தெங்கேராக் கடற்கரையில் மண்ணெண்ணெய் டின்னில் கடல்நீர் காய்ச்சிய கறுப்பு உப்பைத் தம்பிராஜா கொண்டுவருவான். அதுவும் இல்லாதவர்களுக்கு மாவிலையை மடித்துக் கொடுத்து, கொய்யா இலைக் கஷாயத்தில் கொப்புளிக்கச் சொன்னாள். "திங்கவே ஒண்ணும் இல்ல, பல்லு எதுக்கு?" என்று ஒருவன் சிரித்தான். "கிழங்கைக் கடிக்கவாவது வேணும்லடா! முழுங்கிப் பாரு, தொண்டையில நிக்கும்" என்றாள்.

பிறகு தம்பினுக்குப் போகிற ரயில் பாதையைப் பிடுங்கினார்கள். தண்டவாளத்தைச் சயாமுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். தண்டவாளம் போன பின்னாடியே அதைப் போடுவதற்கு ஆள் தேடி வந்தார்கள்.

காஜா பெராங்கில் ஆள் காட்டிக் கொடுத்தவன் சேதுராமன். அவன் அப்பன் கங்காணி. அப்பன் கடல் தாண்டி ஊருக்குப் போய்த் தோட்டத்துக்கு ஆள் பிடித்துவந்தான். மகன் ஜப்பான்காரன் கொடுத்த பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு, அதே ஆட்களின் பிள்ளைகளைச் சயாமுக்குப் பிடித்துக் கொடுத்தான். எந்த வீட்டில் ஆம்பிளை இருக்கிறான், எவன் வண்டிக்கடியில் ஒளிகிறான் என்று அவனுக்குத் தெரியும். லாரியில் ஏறிப் போனவர்களில் அதுவரை ஒருவனும் திரும்பவில்லை. ஒரு சேதியும் திரும்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள், புருஷனுக்குக் கிழங்கு வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, வாயைத் திறங்க."

"திங்கிறப்ப என்னடி?"

"நாறுது."

"மாடு நாறும்."

"மாட்டு நாத்தமும் எனக்குத் தெரியும், உங்க நாத்தமும் தெரியும். திறங்க."

அவன் உதட்டை இறுக்கினான். அவள் தாடையைப் பிடித்தாள். திறந்த வாயைப் பார்த்ததும் அவளுக்கு அம்மாவின் வாய் நினைவுக்கு வந்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மஞ்சள் விளிம்பு. ஈறு கறுஞ்சிவப்பாகப் பொங்கியிருந்தது. விரல் வைத்ததும் ரத்தம்.

கிழங்கு வைத்த மங்குக் கிண்ணம் சுவரில் போய் மோதியது.

"தினமும் கெணத்தடிக்கு மாவிலையைக் கொண்டு போறீங்களே, எதுக்கு? மாட்டுக்குப் போடவா? ஊரெல்லாம் பொடி விக்கிறேன், என் வீட்டுக்குள்ளயே என் மூஞ்சியில கரி பூசுறீங்களா?"

"கத்தாதேடி, மெல்லப் பேசு."

"நான் ஏன் மெல்லப் பேசணும்?"

"பூங்காவனம், சயாமுக்குப் போகாம இருக்கத்தான்."

அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். பண்டார் ஹிலிர் கடலோரத் திடலில்தான் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஜப்பான்காரனுக்கு வெடிகுண்டுக்குப் பயமில்லை, காசநோய்க்குப் பயம். இருமி ரத்தம் துப்பினால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவிடுகிறான். உள்கன்னத்தைக் கத்தியால் கீறிக்கொண்டு போன ஒருவனைக் கண்டுபிடித்து, அங்கேயே அடித்து நொறுக்கிவிட்டார்கள். ஈறு அழுகியிருந்தால் கீறல் இருக்காது. உறிஞ்சினால் ரத்தம் வரும். நாற்றமும் இருந்தால் எவனும் கிட்ட வந்து பார்க்க மாட்டான். வண்டிப் பேட்டையில், கூட வண்டி ஓட்டும் சுப்பையன் சொன்னது இது. அவன் அப்படித்தான் தப்பித்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ரெண்டாம் நாளே தெருவுல நின்னு சுப்பையனை வாயைத் திறடான்னு கத்துவ."

அது உண்மை. அதனால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு விழ இடம் இல்லை. இவனை ஏசினால் இவன் உயிருக்குப் பயந்தவன். சுப்பையனை ஏசினால் அவனும் அப்படியே. ஏச வேண்டியவன் துப்பாக்கியோடு திடலில் நிற்கிறான். சுவரோரம் சிதறிய கிழங்கைப் பொறுக்கி, கழுவி, மறுபடியும் மங்கில் போட்டாள். கீழே போட்டு வீணாக்கும் காலம் இல்லை அது.

"எத்தனை பல்லு வேணும் அவனுக்கு?"

"என்னது?"

"ரத்தம் துப்ப எத்தனை பல்லு போதும்னு கேக்கிறேன். முப்பத்திரெண்டுமா?"

தம்பிராஜா யோசித்தான். நாக்கால் துழாவிப் பார்த்தான். "ஒரு பக்கம் போதும்னு நினைக்கிறேன்."

"அப்ப வலது பக்கம் அவனுக்கு. இடது பக்கம் எனக்கு. இடது பக்கம் கசிஞ்சுது, நானே உங்களைக் கையைப் புடிச்சுக் கொண்டுபோய் லாரியில ஏத்துவேன்."

மறுநாளிலிருந்து அது தொடங்கியது. காலையிலும் மாலையிலும் கிணற்றடியில் அவனை உட்காரவைத்து, விரலில் துணியைச் சுற்றி, பொடியைத் தொட்டு இடப்பக்கம் முழுக்கத் துடைப்பாள். மேலே, கீழே, உள்ளே, வெளியே. தென்னை ஈர்க்கைக் கூராகச் சீவி, பல்லிடுக்கில் சிக்கியதை வலிக்காமல் எடுப்பாள். உப்புநீரை இடது கன்னத்தில் மட்டும் ஒதுக்கிக் கொப்புளிக்கச் சொல்வாள். நடு முன்பல்லுக்கு வந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். அதுதான் அவளால் முடியாத வேலை. அரைகுறையாக விடுவது அவள் கைக்குப் பழக்கம் இல்லை. கை தானாக அந்தப் பக்கம் போகும், அவன் தலையைத் திருப்பிக்கொள்வான். அவள் துணியை உதறிவிட்டு எழுந்து போவாள். போகும்போது யாரையோ ஏசுவாள்.

வலப்பக்கத்துக்கு அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

"சயாம் எப்படி இருக்கு?"

"ஆடுது."

"எது?"

"கடைசிக்கு முன்னாடி."

ஒரே வாய், ஒரே கிழங்கு, ஒரே தண்ணீர். இடப்பக்கத்து ஈறு சில வாரங்களில் வெளிறி, இறுகி, பல்லைக் கவ்விக்கொண்டது. வலப்பக்கம் பொங்கி, பல்லைவிட்டு விலகி, அழுத்தினால் சீழ் கக்கியது. நடுவில் கோடு போட்டதுபோல இருந்தது. தெருவில் உள்ள அத்தனை பேரையும் கூட்டி இந்த வாயைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கத்தினது இதற்குத்தானே! ஆனால் ஊரிலேயே இந்த வாயை மட்டும்தான் அவள் யாருக்கும் காட்டக் கூடாது.

திடலுக்கு அழைப்பு வந்தது. சேதுராமன் விரலை நீட்டிய வரிசையில் தம்பிராஜா நின்றான். முறை வந்ததும் குனிந்து, தோள் குலுங்க இருமி, வலது ஈறை உறிஞ்சித் துப்பினான். மூக்கில் துணி கட்டிய ஜப்பான் மருத்துவச் சிப்பாய் அந்த நாற்றத்தில் ஒரு எட்டு பின்னே போய், கையை வீசித் துரத்தினான். தம்பிராஜா இருமிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். வீட்டுக்குள் வந்த பிறகும் இருமல் நிற்கவில்லை. பயத்தில் அது உண்மையாகவே வந்துவிட்டிருந்தது.

அவன் தப்பித்தான், காசநோய் என்று ஊர் விலகியது. அவன் வண்டியில் சாமான் ஏற்றத் தயங்கினார்கள். கிணற்றுக்கு அவள் வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டார்கள். மீனாச்சி மட்டும் வேலியில் அவித்த கிழங்கைத் தொங்கவிட்டுப் போனாள். அவளும் கிட்ட வரவில்லை.

ஆனால் சேதுராமன் வந்தான்.

பட்டப்பகலில் வந்தான். வீட்டுக்கு முன்னால் நின்று, தெருவெல்லாம் கேட்கும்படி கூப்பிட்டான். ஆட்கள் கூடட்டும் என்றுதான் காத்திருந்தான் போலும். பூங்காவனம் பொடி டின்னைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். சலித்துக்கொண்டிருந்த நேரம்.

"பூங்காவனம், எனக்கு ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"நானே உன் பொடிதான் போடறேன். பாரு." இளித்துக் காட்டினான். ஈறு நன்றாக இருந்தது. "இவ்வளவு நல்ல பொடியை வீட்டுல வச்சிருக்கறவ புருஷன் வாய் ஏன் பொணமா நாறுது? திடல்ல நான் பக்கத்துல நின்னேன். அது நெஞ்சு நாத்தம் இல்ல, வாய் நாத்தம். ஒண்ணு உன் பொடி பொய்யா இருக்கணும். இல்ல, உன் புருஷன் இருமல் பொய்யா இருக்கணும். ரெண்டுல எது?"

உள்ளே தம்பிராஜாவின் இருமல் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் மீனாச்சி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

பூங்காவனம் அவன் பல்லையே பார்த்தாள். இவன் ஈறை இறுக்கியதும் தன் கைப்பொடி. கங்காணி மகன் நன்றாகச் சிரிக்கட்டும் என்றா துணியில் இரண்டு தரம் சலித்தாள்? அந்தப் பல்லில் டின்னோடு அடிக்கலாம்போல இருந்தது. டின்னை நெஞ்சோடு சேர்த்து இறுக்கினாள். அவன் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தான்.

"பொடி பொய்" என்றாள்.

"கேக்கல."

"பொடி பொய்! அடுப்படியில அள்ளின கரி. உப்பு போட்டு ஏமாத்தி வித்தேன். எந்த ஈறையும் அது இறுக்காது. அவருக்கு நெஞ்சு போயிருச்சு, அதான் வாயிலயும் வருது."

"மலாயில சொல்லு. இங்க பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது. உன்கிட்ட வாங்கினவங்க எல்லாரும் கேக்கட்டும்."

அவள் மீனாச்சியின் பக்கம் திரும்பவில்லை. தெருவைப் பார்த்து மலாயில் சொன்னாள். எல்லாம் போஹோங், பொய், வெறும் கரி. சொல்லிவிட்டு, அவன் கேட்காமலே டின்னைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கறுப்புத் தூள் தண்ணீரில் விரிந்து போனது.

சேதுராமன் காறித் துப்பினான். "இத்தனை நாளா அடுப்புக்கரியை என் வாயில போட வச்சிருக்கியேடி" என்றான். ஏமாந்த கோபம்தான் அவன் முகத்தில் இருந்தது. சந்தேகம் இல்லை. அவன் போய்விட்டான்.

மீனாச்சி உள்ளே போனாள். பிறகு வேலியில் கிழங்கு தொங்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று பூங்காவனம் எத்தனையோ தரம் வேலிவரை போனாள். ஆனால் மீனாச்சியின் வீட்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு காதுக்குச் சொன்னால் தெருவுக்குச் சொன்னதாகும். தெரு என்றால் சேதுராமன். புருஷனின் உயிர் தன் வாய்க்குள் இருக்கிறது, வாயைத் திறந்தால் போய்விடும். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொன்னவள் தன் வாயை மூடிக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்புவாள்.

அவள் பேச்சை நம்பிப் பொடியை விட்டவர்களுக்குப் பழைய வைத்தியம் திரும்ப வந்தது. ரத்தம் வந்தால் தொடாதே, புகையிலையை அடக்கு. மீனாச்சி வாயில் வெற்றிலையோடு புகையிலையும் சேர்ந்தது. வேலி இடுக்கில் அதைப் பார்த்தபோது பூங்காவனம் கையில் இருந்த விறகைக் கல்லில் அடித்து முறித்தாள்.

தம்பிராஜாவை இன்னும் சில தடவை திடலுக்கு இழுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் சயாம் காப்பாற்றியது. ஒரு தடவை வலது கன்னம் வீங்கி, கண் மூடி, காய்ச்சலில் பிதற்றினான். "போதும்" என்று அவள் துணியையும் உப்புநீரையும் எடுத்துவந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போனவன்ல எவனாவது திரும்பி வந்தானா?"

அவள் அந்த உப்புநீரைத் தரையில் ஊற்றினாள். பிறகு வெளிக்கன்னத்துக்கு ஒத்தடம் மட்டும் கொடுத்தாள். அழுதாள் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்த சத்தம்தான் கேட்டது என்று அவன் பின்னாளில் சொல்வான்.

ஜப்பான் சண்டை முடிவதற்குள் சயாமின் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கிழங்கில் ஒன்று, தூக்கத்தில் ஒன்று. அவள் கழுவிப் பார்த்தாள். வெள்ளையாக, வேரோடு முழுசாக இருந்தன, அஞ்சலையின் பற்கள் போலவே. கூரைமேல் எறிய அவளுக்கு மனம் வரவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தாள்.

ஜப்பான்காரன் தோற்றான் என்ற சேதி வந்தது. அதை நம்பலாம் என்று ஆனதும் முதலில் அவள் புருஷனை உட்காரவைத்து, நடுக்கோட்டைத் தாண்டி விரலை வைத்தாள். அந்தப் பக்கம் துடைக்கப் பல் இல்லை. இருந்தாலும் வெறும் ஈறை உப்புநீரால் கழுவினாள். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள்.

"மீனாச்சி! வெளியே வா!"

மீனாச்சி வந்தாள். கையால் வாயை மூடியிருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததுமே பூங்காவனத்துக்குத் தெரிந்துவிட்டது.

"நான் சொன்னது பொய்" என்றாள் மலாயில். "பொடி பொய்யில்ல. இவனைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

"எது பொய்? அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொல்றதா?"

"என் பேச்சை விடு. இதைப் பாரு." தம்பிராஜாவின் தாடையைப் பிடித்துத் திறந்தாள். "இது நான் துடைச்ச பக்கம். இது ஜப்பான்காரனுக்காக விட்ட பக்கம்."

மீனாச்சி வேலியில் சாய்ந்து பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். இடதில் பல் வரிசையாக நின்றது. வலதில் ஒன்றும் இல்லை. தம்பிராஜா சந்தை மாடுபோல வாயைத் திறந்தபடி நின்றான். மீனாச்சி தன் வாயை மூடியிருந்த கையை எடுத்தாள். மேல் வரிசையில் முன்பற்கள் இல்லை.

"என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே, காஜா."

"சொல்லியிருந்தா இவன் செத்திருப்பான்."

"நான் சொல்லமாட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லல."

மீனாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைவாள் என்று நினைத்தான் தம்பிராஜா. பூங்காவனமும் அதற்காகவே காத்திருந்தாள்போல முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். மீனாச்சி அறையவில்லை. வாயில் இருந்த புகையிலையை எடுத்து, பூங்காவனத்தின் காலடியில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகும் நாள்கணக்கில் பேசவில்லை. ஆனால் ஒரு காலையில் வேலியில் ஒரு காலி மங்கு தொங்கியது. பூங்காவனம் அதில் பொடியை நிரப்பி வைத்தாள். மீனாச்சியின் மீதிப் பற்கள் நின்றன. காஜா என்று அவள் மறுபடி கூப்பிட ரொம்பக் காலம் ஆயிற்று.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது சேதுராமன் கையில் பட்டை இல்லை. மாலையும் தட்டுமாக முன்வரிசையில் நின்றான் என்றார்கள். யாரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த ஓரிருவருக்கு அவனை அடிக்கும் தெம்பு இல்லை.

ஒரு பகலில் அவன் பூங்காவனத்தின் வாசலுக்கு வந்தான். பின்பக்கமாக வந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பேச்சு குழறியது.

"பொடி நல்ல பொடிதான்னு தெருவுல சொல்றாங்க. நீ அன்னைக்குச் சொன்னதும் நான் நிறுத்திட்டேன். இப்ப ஈறெல்லாம் ரத்தம். ஒரு பொட்டலம் கொடு."

பூங்காவனம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"வாயைத் திறங்க."

அவன் திறந்தான். அவள் குனிந்து, இடமும் வலமும் சாவகாசமாகப் பார்த்தாள். எத்தனை பல்லைக் காப்பாற்றலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"ரத்தம் நிறையத்தான் வருது" என்றாள். "பயப்படாதீங்க. உங்களைச் சயாமுக்கு அனுப்ப மாட்டாங்க."

கதவைச் சாத்தினாள். வெளியே அவன் செருப்புச் சத்தம் விலகிப் போனது. உள்ளே தம்பிராஜா இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு பக்கம் பல் தெரிய, ஒரு பக்கம் ஈறு தெரிய.

அவள் சிரிக்கவில்லை. உப்புநீர் மங்கை அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"சிரிச்சது போதும். கொப்புளிங்க. ரெண்டு பக்கமும்."